முன்வயல் கல்லும் பின்வயல் வடிகாலும்

எல்லைத் தகராறு என்று யாருக்கு வந்தாலும் எங்கள் தா.பழூர் பக்கத்தில் என்னைத்தான் தேடி வருவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் நாலாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆனால் வரப்பின் ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தேன் என்றால், யார் எந்தப் பக்கம் வெட்டித் தள்ளியிருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அடுத்தவர் வயலில் கூலிக்குக் களை எடுத்து, செங்கல் சூளையில் மண் மிதித்து, அந்தக் காசில் நிலம் வாங்கியவன் நான். அப்படி வாங்கிய மண்ணில் ஒரு பிடியைக்கூட இன்றுவரை யாருக்கும் விட்டதில்லை.

நான் முதன்முதலில் வாங்கிய வயல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. முன்னால் இருக்கிற வயலின் ஓரமாகத்தான் அதற்குப் போக வேண்டும். முன்வயல்காரர் எனக்கு மாப்பிள்ளை முறை. அவருடைய அப்பா இருந்தவரை அந்தப் பாதையில் டிராக்டர் போனது, கதிர் அறுக்கும் மிஷினும் போனது. யாரும் ஒன்றும் கேட்டதில்லை. அப்பா காலமான பிறகு, வெளியூரில் வேலையாக இருந்த மாப்பிள்ளை வந்து வயலைக் கையில் எடுத்தார். போன அறுவடையில் ஈரத்தில் வந்த மிஷின் அவர் வரப்பை இடித்துவிட்டது. நானே ஆள் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். அப்படியும் அவருக்கு மனம் ஆறவில்லை. இந்தத் தையில் என் நெல் பழுத்து நிற்கும் நேரம் பார்த்து, பாதையின் வாயில் இரண்டு பக்கமும் கல்லுக்கால் நட்டுவிட்டார்.

“என்ன மாப்ள, கல்லு நட்டிருக்க?” என்று கேட்டேன்.

“பாதைய நான் அடைக்கலையே மாமா. மாட்டுவண்டி போற அகலம் வுட்டுத்தான் நட்டிருக்கேன்.”

“ஊருல எந்த வூட்டுல இருக்கு மாட்டுவண்டி?”

“மீன்சுருட்டி பக்கம் யாருகிட்டயாவது இருக்கும். கேட்டுப் பாருங்க.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லைத் தகராறில் முதலில் கத்துகிறவன் பாதி தோற்றவன். இதை நான் ரொம்பப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போனேன். அவர் புலப்படத்தை விரித்துப் பார்த்தார். “படத்துல பாதையே இல்லைங்க பெரியவரே. ரெண்டு பேரு பட்டா நிலந்தான் இருக்கு. அனுபவப் பாதைன்னா கோர்ட்டுலதான் தீரணும்.”

கோர்ட்டுக்குப் போனால் ஜெயிப்பது நான்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜெயிக்கும்வரை நெல் நிற்குமா? கதிர் தலை சாய்ந்து கிடக்கிறது. மழை வரும் என்று டிவியில் சொல்கிறார்கள். நனைந்தால் கதிரிலேயே முளை விட்டுவிடும். கையால் அறுக்கவோ ஆள் கிடைக்காது. மிஷின் உள்ளே வராவிட்டால் அந்தப் போகம் அவ்வளவுதான்.

வீட்டில் என் மனைவி ஒரே வழிதான் சொன்னாள். “அவரு வயலுத் தண்ணி நம்ம வயலு ஓரமாத்தானே வடியுது? அடைச்சு வுடுங்க. தானா வருவாரு.”

அவள் சொன்னது சரிதான். என் வயல் தாழ்வு. அவருடைய வடிகால் என் நிலத்துக்குள் நுழைந்துதான் வாய்க்காலில் போய் விழுகிறது. நாலு கூடை மண் போதும், அடைத்துவிடலாம். ஆனால் நான் அடைத்தால், கல் நட்டவரும் மண் போட்டவனும் ஒன்றாகிவிடுவோம். பிறகு நாலு பேர் முன்னால் நின்று பேச எனக்கு வாய் இருக்காது. என் சம்பாத்தியமே அந்த வாய்தான்.

மறுநாள் காலை வானம் கருத்துவிட்டது. ஆத்தூரிலிருந்து வந்த மிஷின் ரோட்டோரம் நிற்கிறது. டிரைவர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு மேகத்தைப் பார்க்கிறார். நான் வேட்டியை மடித்துக் கட்டி, மம்முட்டியோடு வடிகாலில் இறங்கினேன். மாப்பிள்ளை காலையில் வயலைப் பார்க்க வருவார் என்று எனக்குத் தெரியும். வெட்டின மண்ணை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கரைமேல் குவித்தேன்.

நினைத்தபடியே பைக் வந்து நின்றது. மாப்பிள்ளை வரப்பில் ஓடி வந்தார். பின்னாலேயே டிரைவரும் வந்தார்.

“யாரக் கேட்டு அடைக்கிறீங்க மாமா? எங்க தாத்தா காலத்துலேருந்து தண்ணி இந்த வழியாத்தான் வடியுது.”

நான் நிமிரவில்லை. “எந்தப் பத்திரத்துல எழுதியிருக்கு மாப்ள?”

“பத்திரத்துல எதுக்கு இருக்கணும்? வழிவழியா வர்றத யாரும் மறிக்க முடியாது. ஊருக்கே தெரியும்.”

“டிரைவர் தம்பி, கேட்டுக்கிட்டீங்களா?”

“கேட்டேங்க.”

“இன்னொரு தடவ சொல்லச் சொல்லட்டுமா?”

“வேணாங்க. மழை வருது, மிஷின எறக்கணும்” என்றார் டிரைவர்.

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. நான் மம்முட்டியை ஊன்றி நின்றேன். “கிட்ட வந்து பாரு.”

வந்து பார்த்தார். அடைப்பு எங்கேயும் இல்லை. காட்டாமணக்கை வேரோடு வெட்டிப் போட்டு, அடி மண்ணை வாரியிருந்தேன். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

“தூர் வாரிக்கிட்டா இருக்கீங்க?”

“மண்டிக் கெடந்துது. இப்படியே மழை புடிச்சிருந்தா மொதல்ல முழுவுறது உன் வயலுதான்.”

அவர் குனிந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். “நேராவே வந்து சொல்லியிருக்கலாம்ல.”

“நேரா கேட்டதுக்குத்தான் மீன்சுருட்டிக்கு அனுப்பினியே.”

டிரைவர் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு, “வரப்பு இடிஞ்சா?” என்றார்.

“மிஷினுக்கு முன்னாடி நானே நடந்து வரேன். இடிஞ்சா கட்டியும் தரேன்.”

“நீங்க நடக்க வேணாம். உங்களுக்கு உங்க நெல்லு மேலதான் கண்ணு இருக்கும். நான் நடக்கறேன்.”

கடப்பாரை கொண்டுவந்து தன் வரப்போரம் நின்ற கல்லை அவரே பிடுங்கிப் போட்டார். மற்றதையும் பிடுங்கப் போனபோது டிரைவர், போதும் என்று கையைக் காட்டினார். மாப்பிள்ளை பின்பக்கமாகவே நடந்து, “ஒடி, ஒடி, நேரா வா” என்று தன் வரப்பைக் காப்பாற்றிக்கொண்டே என் வயலுக்கு மிஷினைக் கொண்டுவந்து சேர்த்தார். கடைசி டிராக்டர் நெல்லுக்குத் தார்ப்பாய் கட்டும்போதுதான் மழை விழுந்தது. அன்று பெய்த தண்ணீர் அவர் வயலில் தங்கவும் இல்லை.

இன்னொரு கல் இன்னும் அங்கேயே நிற்கிறது. செந்துறையிலிருந்து ஒரு பாதைத் தகராறுக்கு என்னை அழைக்க வந்தவர், “அதையும் எடுக்கச் சொல்லியிருக்கலாமே, உங்க பேச்ச மீறுவாரா?” என்றார்.

மீறமாட்டார். ஆனால் அது அவருடைய நிலத்தில் நிற்கிற அவருடைய கல். மிஷின் போகிறது. எனக்கு அது போதும்.