ஹங்வெல்லைக்குச் சும்மா போனவள்

ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்ட அந்த ஈஸ்ரருக்குப் பிறகு, கொள்ளுப்பிட்டியில் குடியிருந்த ஒரு துரைசாணி தென்னாபிரிக்காவுக்குக் கப்பலேறினாள். அவளுடைய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. மற்றவர்கள் அலுமாரிக்கும் பியானோவுக்கும் அடிபட்டுக்கொண்டிருக்க, கொட்டாஞ்சேனையிலிருந்து போன கொன்ஸ்ரன்ஸ் ஒரு லேடீஸ் சைக்கிளை வாங்கி, அதை உருட்டியபடியே வீடு வந்து சேர்ந்தாள். பச்சைச் சைக்கிள். உடுப்புச் சிக்காமலிருக்கப் பின்சில்லில் நூல்வலை கட்டியிருந்தது.

கொன்ஸ்ரன்ஸ் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் பூமிசாத்திரம் படிப்பித்தாள். கல்யாணம் கட்டவில்லை. துறைமுகத்தில் கிளாக்கராக இருந்த தம்பி பேர்னாட்டின் வீட்டில் ஓர் அறை அவளுடையது. தம்பி மனைவி செலீன் சைக்கிளைக் கண்டதும் வாசலிலேயே மறித்தாள்.

“இந்த வயசில உங்களுக்கு என்னத்துக்கு மச்சாள் சைக்கிள்?”

“ஓடத்தான்.”

“எங்க ஓட?”

“ரோட்டில.”

பள்ளிக்கூடம் விட்ட பிறகு மைதானத்தில் விழுந்து எழும்பி ஓடப் பழகினாள். முழங்கால் காயம் ஆறியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முதற்பூசை முடிந்த கையோடு, சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகிக்கொண்டு புறப்பட்டாள். கிராண்ட்பாஸ், வெல்லம்பிட்டி தாண்டியதும் பட்டணம் விட்டுப் போயிற்று. இடது பக்கம் களனி ஆறு கொஞ்சத் தூரம் கூடவே வரும். பிறகு செவ்வரத்தை வேலிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். செங்கல் சூளைகளுக்கு நடுவே மறுபடி பளிச்சென்று தெரியும். வலது பக்கம் வயல். அதற்கப்பால் றப்பர்த் தோட்டம். பெற்றோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வாகனங்கள் குறைந்து, ரோட்டில் மாட்டுவண்டிகள்தான் போயின. பல வருசமாகக் கரும்பலகையில் நீலச் சோக்கால் தான் இழுத்த கோடு இவ்வளவு அகலமாக, இவ்வளவு கலங்கலாக இருக்குமென்று அவள் நினைத்திருக்கவில்லை. சந்தோசத்தில் தனக்குத்தானே பாடத் தொடங்கினாள்.

பாட்டில் ஒரு சரணம்கூட முடியவில்லை. தேத்தண்ணிக் கடையிலிருந்து ஒருவர் ஓடிவந்து குறுக்கே நின்றார்.

“கொஹெத யன்னே, நோனா?”

எங்கே போகிறீர்கள் என்கிறார். கொன்ஸ்ரன்சுக்குச் சிங்களம் நன்றாக வரும். “நிக்கங்” என்றாள். சும்மா.

அவருக்கு அது போதவில்லை. சும்மா எங்கே? ஆற்றைப் பார்க்க. ஆற்றில் என்ன? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததை ஏன் பார்க்க வேண்டும்? அவள் அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். அடுத்த வளைவில் வண்டிக்காரன் ஒருவன் அதையே கேட்டான். அம்பத்தளையில் பாய் விற்றுக்கொண்டிருந்த கிழவி, பதிலுக்குக் காத்திராமலே, யாரோ செத்துவிட்டார்கள் என்று தீர்மானித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒருவரும் சாகவில்லை என்று சொல்லச் சொல்ல அழுகை கூடியது. ஒரு கருப்பட்டித் துண்டைக் கொன்ஸ்ரன்சின் கையில் திணித்து, “மனசைத் தேற்றிக்கொள் மகளே” என்று அனுப்பிவைத்தாள். கடுவெலவில் மூன்று பெண்கள் அவளுடைய புருசன் ஓடிப்போய்விட்டான் என்றும், அவனைப் பிடிக்கத்தான் போகிறாள் என்றும் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஒருத்தி அவன் போன திசையையும் கையால் காட்டினாள்.

ஹங்வெல்லையில் ஆறு பெரிய வளைவெடுக்கும் மேட்டில் சைக்கிளை மரத்தில் சாத்திவிட்டு நின்றாள். ஒரு வள்ளம் மணலேற்றிக்கொண்டு கீழே போவதை ஆசைதீரப் பார்த்தாள். பார்த்தது பிழையாய்ப் போயிற்று. ஊர்த் தலைமைக்காரரான ஆரச்சி இரண்டு பேரோடு வந்து, சண்டைக்காலத்தில் ஆற்றை இவ்வளவு நேரம் பார்க்கிற பெண் யார் என்று விசாரித்தார்.

அவள் சிங்களத்தில் சொன்னாள். நான் ரீச்சர். கொட்டாஞ்சேனை. சும்மா வந்தேன்.

ஆரச்சி தலையாட்டிக் கேட்டுவிட்டு, “இந்த அம்மா பேசுவதை விளங்கிச் சொல்ல ஒரு தமிழ் ஆளைக் கூப்பிடுங்கள்” என்றார்.

“நான் சிங்களத்தில்தானே சொல்கிறேன்!”

“ஆளைக் கூப்பிடுங்கள்” என்றார் மறுபடியும்.

ஆரச்சி வீட்டு வாங்குப் பலகையில் அவளை இருத்தினார்கள். சைக்கிளை நாலு பேர் சுற்றி நின்று மணியை அடித்துப் பார்த்தார்கள். கடைசியில், சந்தியில் பலசரக்குக் கடை வைத்திருந்த, ஊரார் நானா என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடும் ஜாபிர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்தார்.

“என்ன ரீச்சர், என்ன வேலையா வந்தீங்க?”

“ஒரு வேலையும் இல்ல நானா. ஆத்தைப் பாக்க வந்தனான். சிங்களத்திலயும் சொல்லிப்போட்டன், தமிழிலயும் சொல்றன். இனி இங்கிலீசில சொல்லட்டா?”

ஜாபிர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆரச்சியிடம் திரும்பி, இந்த அம்மாவின் மச்சாளுக்கு முழங்கால் வாதம், எங்கள் ஊர் வைத்தியர் வெதமஹத்தயாவின் எண்ணெய் வாங்க வந்திருக்கிறார், வெட்கத்தில் சொல்லவில்லை என்றார். ஆரச்சியின் முகம் மலர்ந்தது. முன்னமே சொல்லியிருக்கலாமே! ஓர் இளநீரும் வெட்டித் தந்தார்.

வெளியே வந்ததும் கொன்ஸ்ரன்ஸ் வெடித்தாள். “பொய் சொல்லிப்போட்டீங்களே நானா!”

“உண்மைய நீங்க சொன்னீங்கதானே ரீச்சர், ஆராவது நம்பினாங்களா? சும்மா போறவங்கள ஒருத்தரும் விடமாட்டாங்க. கையில ஒரு போத்தல் வெச்சுக்கோங்க.”

அடுத்த ஞாயிறு அவள் ஒரு வெறும் போத்தலைக் கூடையில் கட்டிக்கொண்டு போனாள். எண்ணெய்க்கு என்றாள். ரோடு முழுக்கத் திறந்து வழிவிட்டது. பாய்க்காரி மட்டும் எதற்கும் இருக்கட்டுமென்று கொஞ்சம் அழுதாள். நாலைந்து கிழமை சொர்க்கம்தான். அவள் ஆற்றைப் பார்த்தாள், நீர்க்காகம் பார்த்தாள், வேலியோரம் பாணும் சம்பலும் தின்றாள்.

பிறகு எண்ணெய்க் கதை கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுப் புளோறன்ஸ் வந்து நின்றாள்.

“கொன்ஸ்ரன்ஸ் அக்கா, எங்கட அப்பாவுக்கும் முழங்கால்தான். எப்படியும் போறீங்கதானே?”

எப்படியும் போறீங்கதானே. அந்த ஒரு சொல்லில் எல்லாம் கவிழ்ந்தது. புளோறன்சுக்கு எண்ணெய், கோயிலில் பூசைக்கு உதவும் சங்கிலித்தத்துக்கு வாழைப்பூ, செலீனுக்கு மரவள்ளிக்கிழங்கு. தனக்கு வாதம் என்று ஊரெல்லாம் கதை போனதில் முதலில் கொதித்த செலீன், கிழங்கு நல்லாயிருக்கவும் அடங்கிவிட்டாள். ஹங்வெல்லைக்காரரும் விடவில்லை. ஆரச்சியின் சுவர்மணிக்கூடு திருத்தப் புறக்கோட்டைக்குப் போனது. ஜாபிர் கொழும்பிலிருந்த தன் தங்கை லுத்பியாவுக்கென்று மாசிக் கருவாட்டுப் பொட்டலம் தந்தார்.

“நீங்களுமா நானா?”

“எப்படியும் போறீங்கதானே ரீச்சர்” என்றார் ஜாபிர், கொஞ்சமும் கூசாமல்.

கூடைக்குப் பின்னால் சாக்கு வந்தது; சாக்குக்கு மேல் இன்னொரு கூடை. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. இறக்கத்தில் பாரம் அவளைத் தள்ளியது. ஆறு எந்தப் பக்கம் இருக்கிறதென்றுகூடப் பார்க்க நேரமில்லை. ஞாயிறு இரவில் கை கால் கடுத்து, தானே அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு படுத்தாள்.

ஐப்பசி மழையில் ஒரு நாள், கடுவெலவுக்குக் கிட்ட, யாரோ ஒருவரின் மகளுக்கு யாரோ கொடுத்தனுப்பிய கோழி கட்டை அவிழ்த்துக்கொண்டு குதித்தது. நேராக வேலிக்குள் புகுந்தது. கொன்ஸ்ரன்ஸ் சைக்கிளைப் போட்டுவிட்டுத் துரத்தினாள். கிளுவை முள்ளில் சேலை கிழிந்தது, ஒரு செருப்புச் சேற்றில் நின்றுவிட்டது. வேலியின் மறுபக்கம் விழுந்து நிமிர்ந்தபோது கால்மாட்டில் ஆறு. கரைமுட்டிய தண்ணீர், செம்மண் நிறத்தில், வாழைமரமொன்றை வேரோடு உருட்டிக்கொண்டு போனது. அக்கரையில் ஒருத்தர் இல்லை. மழை ஆற்றில் விழும் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

கோழி நாணலுக்குள் நின்று அவளைப் பார்த்தது.

“போ” என்றாள். “எங்கயாவது போய்த் துலை.”

அங்கேயே ஈரமண்ணில் இருந்துவிட்டாள். இத்தனை கிழமையாக இதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேனே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நன்றாக அழுது முடித்துத்தான் எழும்பினாள்.

அன்றோடு நிறுத்தினாள். யாருக்கும் ஒன்றும் கொண்டுபோவதில்லை, கொண்டுவருவதில்லை. கோழிக்காரியிடம் போய் மன்னிப்புக் கேட்டு, வேறொரு கோழி வாங்கிக் கொடுத்தாள். ஆரச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். புளோறன்ஸ் கதைக்கவில்லை. செலீன் வீட்டுக்குள் மட்டும் கேட்கிற மாதிரி இல்லாமல், தெருவுக்கே கேட்கும்படி கதைத்தாள்.

“வெறுஞ் சைக்கிளை ஓடிக்கொண்டு போவாவாம். ரெண்டு கிழங்கு கொண்டுவந்தா கை முறிஞ்சிடுமா?”

“முறியாது” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “எனக்கு விருப்பமில்லை.”

அவள் அப்படிச் சொல்லிப் பேர்னாட் கேட்டதேயில்லை. பேப்பரைத் தாழ்த்தி அக்காவைப் பார்த்தான். “அவ சொல்லிப்போட்டா செலீன். விடு” என்றான். அதற்காக அவனுக்கும் ஒரு கிழமை கறியில் உப்புக் கிடைக்கவில்லை.

ரோட்டில் பழையபடி மறித்தார்கள். அவளும் பழையபடி சும்மா என்றாள். ஒரு வருசம் போக அவர்களுக்கு அலுத்துவிட்டது. ஜாபிர் மட்டும் அவளைக் கண்டால் ஒரு தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு, கருவாட்டுப் பொட்டலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். அவள் தேத்தண்ணியை மட்டும் குடிப்பாள்.

சண்டை முடிந்து பஸ்கள் மறுபடி ஓடத் தொடங்கின. பொட்டலங்களும் மணிக்கூடுகளும் பஸ்ஸில் ஏறிக்கொண்டன. செலீனும் ஒருவாறு முகங்கொடுத்துக் கதைக்கத் தொடங்கினாள். கொன்ஸ்ரன்ஸ் முதல்முறையாக ஹங்வெல்லையைத் தாண்டி அவிசாவளைப் பக்கம் போனாள். மலை தெரியும் ஓர் இடத்தில், மதகுக் கட்டில் இருந்து பாண் தின்றுகொண்டிருந்தபோது ஒரு பஸ் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. கொண்டக்டர் இறங்கினார்.

“சைக்கிள் பழுதா நோனா? மேல போடுவோம், ஏறுங்க.”

பழுதில்லை என்றாள். களைப்பா? இல்லை. கொழும்புக்குத்தானே? ஓம், ஆனால் பஸ்ஸில் இல்லை. பஸ்ஸிலிருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டி ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். வெயில் என்றார் ஒருவர். மழை வரும் என்றார் இன்னொருவர். ஒரு பெண் தன் மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கி, இடம் இருக்கிறது பாருங்கள் என்று காட்டினாள்.

கொன்ஸ்ரன்ஸ் அவர்கள் எல்லோரையும் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு வாயாக, பாணைத் தின்று முடித்தாள். கையைக் கழுவினாள். பஸ் அப்போதும் போகவில்லை.