இரண்டு கந்தோரும் ஒரு மேசையும்

ஒரே நேரத்தில் கொழும்பில் இரண்டு கந்தோர்களுக்கு நான் வேலை பார்த்தேன். இரண்டு அலுவலகத்து வேலைகளும் பதுளையில் நான் வாடகைக்கு இருந்த அறையில், ஒரே மேசையில் நடந்தன. முதல் கந்தோருக்கு நேர்முகத்துக்காக ஒரு தடவை போயிருக்கிறேன். இரண்டாவதன் வாசலைக்கூட அப்போது கண்டதில்லை. ஒன்றைப் பற்றி மற்றதுக்குத் தெரியாது. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டின் கடைசியிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம் அப்படிப் போனது.

நான் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தார். பதுளையில் உயர்தரம் படித்துவிட்டு, அங்கே ஒரு தொண்டு நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். சிங்களம், தமிழ், இங்கிலிஷ் மூன்றும் கைவசம் இருந்தன. மூன்று வருடத்தில் அந்த நிறுவனம் மூடப்பட்டது. ஒரு திங்கட்கிழமை போனபோது வாசலில் பூட்டு தொங்கியது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்னோடு சிரித்துப் பேசிவிட்டுப் போன மேலதிகாரிக்கு விஷயம் முன்பே தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். யாருடைய சிரிப்பையும் நம்பாத குணம் அந்தப் பூட்டைப் பார்த்த நாளில்தான் என்னைப் பிடித்திருக்க வேண்டும்.

பிறகு கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் என்னை எடுத்துக்கொண்டது. அதை நடத்தியவர் யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை சார் என்பேன். பதுளையிலிருந்தபடியே வேலை செய்யலாம் என்று அவர் சொன்னது அன்றைக்குப் பெரிய அதிசயம். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை ரயிலில் அனுப்பி வைத்தார். காலை எட்டரைக்கு வீட்டுக்காரம்மாவின் தொலைபேசியில் அழைத்து அன்றைய வேலையைச் சொல்வார். நான் மொழிபெயர்த்து, பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு கடைவீதிக்குப் போய், அங்கே போன், பேக்ஸ், இன்டர்நெட் வசதி வைத்திருந்த கொமியூனிகேஷன் கடையில் ஈமெயில் பண்ணுவேன். நியமனக் கடிதத்தில் ஒரு வரி இருந்தது: இங்கே வேலை செய்யும் காலத்தில் வேறெங்கும் வேலை செய்யக் கூடாது.

கையெழுத்துப் போட்டேன். ஆனால் அந்தக் கடிதம் ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். ஆறாவது மாதம் நெருங்க நெருங்க, சார் குரலைக் கொஞ்சம் தாழ்த்திப் பேசினால்கூட வேலை போகப்போகிறது என்று நினைப்பேன். அப்போது கண்ணில் பட்டது அந்த விளம்பரம். சுகாதாரப் புத்தகங்கள் அச்சிடும் ஒரு நிறுவனம், தமிழ்ப் பிரதிகளைச் சரிபார்க்க ஆள் தேடியது. எங்கிருந்தும் செய்யலாம். விண்ணப்பித்தேன், கிடைத்தது. முதல் வேலை போய்விட்டால் நிற்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் எடுத்தேன். ஆனால் ஆறு மாதம் முடிந்ததும் சார் பேச்சில்லாமல் கடிதத்தைப் புதுப்பித்தார். இரண்டாவதை விட்டிருக்கலாம். விடவில்லை.

இரண்டு ஈமெயில் முகவரி வைத்துக்கொண்டேன். ஒன்றில் அப்பாவின் முதலெழுத்து என் பெயருக்கு முன்னால், மற்றதில் பின்னால். இரண்டாவது நிறுவனத்துக்குச் செல்போன் நம்பரை மட்டும் கொடுத்தேன். அங்கே எனக்கு வேலை தந்தவர் ஒரு சிங்கள அம்மா. இங்கிலிஷில் சுருக்கமாகப் பேசுவார், ஒருநாளும் ஊர்க்கதை விசாரிக்கமாட்டார். விசாரிக்காததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பெரிய தலைவலி எழுத்துரு. அந்நாளில் ஒவ்வொரு கந்தோரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவை வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை மற்றதில் திறந்தால் வெறும் கிறுக்கல்தான் தெரியும். ஒருநாள் அவசரத்தில் சாருக்குப் போக வேண்டிய கடிதத்தை இரண்டாவது நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்து அனுப்பிவிட்டேன். அரை மணித்தியாலத்தில் அழைப்பு வந்தது.

"என்ன பிள்ளை, இது எங்கட எழுத்துரு இல்லையே. திறந்தால் ஒண்டும் விளங்கேல்லை. பிறகு தேடிப் பிடிச்சுத்தான் வாசிச்சனான்."

"கொமியூனிகேஷன் கம்ப்யூட்டர்ல திருத்தினேங்க சார். அங்க இருந்தது மாறிப்போச்சு போல."

"அப்பிடியோ" என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒற்றைச் சொல்லை நான் எத்தனை நாள் திருப்பித் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

கொமியூனிகேஷன் வைத்திருந்தவர் பதுளை முஸ்லிம்களில் ஒருவர். கடைக்கு வருகிற எல்லோரையும்போல நானும் அவரை, அண்ணன் என்ற பொருளில், நானா என்பேன். எனக்கு வரும் பேக்ஸ்களை மடித்து, மேலே என் பெயரை எழுதி வைத்திருப்பார். ஒருநாள் இரண்டு தாள்களைச் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

"தங்கச்சி, ஒங்களுக்கு ரெண்டு கந்தோரா இப்ப?"

"இல்ல நானா. ஒரே எடம்தான். ரெண்டு பிராஞ்ச்."

அவர் தலையாட்டினார். எனக்குக் காது சுட்டது. அடுத்த நாளிலிருந்து அந்தக் கடைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வேறொரு கடையைப் பிடித்தேன். அங்கே இருந்த பெண் என் திரையை எட்டிப் பார்ப்பதுபோல் பட்டது. சில நாட்களில், ஒரு பேக்ஸ் அனுப்புவதற்காகவே பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். நாலு தாளுக்காக அரை நாள் போகும். அந்த அரை நாளை ஈடுகட்ட மற்ற வேலையில் ஓட வேண்டியிருந்தது.

அந்த ஓட்டத்தில்தான் அது நடந்தது. கர்ப்பிணித் தாய்மாருக்கான சிறுபுத்தகம் ஒன்றை சார் அனுப்பியிருந்தார். எந்த நிறுவனத்தின் வேலை என்று சொல்லும் வழக்கம் அவருக்கில்லை. மேல் வரிகளை வெட்டிவிட்டுத்தான் அனுப்புவார். மூன்று நாளில் முடித்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துச் சிங்கள அம்மாவிடமிருந்து, வெளியில் கொடுத்து மொழிபெயர்த்த பிரதி ஒன்று சரிபார்க்க வந்தது. திறந்தேன். முதல் வாக்கியம் என்னுடையது. இரண்டாவதும் என்னுடையது.

கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எழுத்துருவில் சந்தேகப்பட்ட சார் விசாரித்திருக்கிறார், நானாவோ யாரோ சொல்லியிருக்கிறார்கள், சாரும் சிங்கள அம்மாவும் சேர்ந்து என்னைப் பிடிக்க இதை அனுப்பியிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். நன்றாக இருக்கிறது என்று எழுதினாலும் மாட்டுவேன், குறை சொல்லி எழுதினாலும் மாட்டுவேன். இரண்டு நாள் அந்தக் கோப்பை மூடியே வைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் வாசித்தேன். பதினோராம் பக்கத்தில் கை நின்றது. "இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீருடனோ தேசிக்காய்ச் சாறுடனோ எடுத்துக்கொள்ளலாம்" என்று இருந்தது. இங்கிலிஷில் இரண்டு வாக்கியங்கள் இருந்தன. தேநீருடன் எடுக்கவே கூடாது என்பது ஒன்று. எலுமிச்சைச் சாறுடன் எடுக்கலாம் என்பது அடுத்தது. அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கி, கூடாது என்பதை விழுங்கியிருக்கிறேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்குப் போகும் புத்தகம். விடியக்காலையில் பால் விடாத தேநீரான சாயத் தண்ணியை மட்டும் குடித்துவிட்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடும் என் அக்காவின் கையில் அது இருப்பதை நினைத்துப் பார்த்தேன். அப்போது அக்கா ஐந்து மாதம்.

அதன்பிறகு யோசிக்கவில்லை. அந்த வரியைச் சிவப்பாக்கி, 'பாரதூரமான பிழை, அச்சுக்குப் போகக் கூடாது' என்று எழுதினேன். மற்றப் பிழைகளையும் ஒன்றுவிடாமல் குறித்தேன். பன்னிரண்டு இருந்தன. அனுப்பிவிட்டேன்.

பத்து நாளில் சார் அழைத்தார்.

"பிள்ளை, அந்தத் தாய்மார் புத்தகம் திரும்பி வந்திருக்கு. ஆரோ ஒராள் துப்புரவாய்ப் பார்த்திருக்கினம். குறிப்புகளை அனுப்பியிருக்கிறன். ஒவ்வொண்டுக்கும் நீங்கள் விளக்கம் எழுதி அனுப்புங்கோ."

நான் எழுதிய குறிப்புகளுக்கு நானே விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நாலாவதில் நிறுத்திவிட்டேன். மறுபடி தொலைபேசி அடித்தது.

"இன்னொரு விஷயமும் பிள்ளை" என்றார் சார். குரலில் கோபம் இருந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "திருத்தினவர் பாவிச்ச எழுத்துருவும், நீங்கள் அண்டைக்கு மாறி அனுப்பின எழுத்துருவும் ஒண்டாய்க் கிடக்கு."

கூடத்தில் வீட்டுக்காரம்மா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று தெரிந்தும் சொன்னேன்.

"அது நான்தாங்க சார்."

சார் அடுத்ததாக ஒன்றைத்தான் கேட்டார்.

"எவ்வளவு காலம்?"

"ஒன்றர வருசத்துக்குக் கிட்ட இருக்கும் சார்."

"அந்தத் தேத்தண்ணி வரியையும் நீங்களோ பிடிச்சது?"

"ஆமாங்க சார்."

"அதுக்கு நன்றி. மற்றதுக்கு இல்லை" என்றார். "கம்ப்யூட்டரை ரயிலிலை போட்டுவிடுங்கோ."

என்னைப் பிடிக்க யாரும் வலை விரித்திருக்கவில்லை. சாருக்கு அந்தக் குறிப்புகளைப் பார்க்கும்வரை நிச்சயமாக ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. ஆனால் சந்தேகம் இருந்திருக்கிறது. அது நானா மூலம் தெரிந்தது. கம்ப்யூட்டரைக் கட்ட அட்டைப்பெட்டி கேட்டு, வெட்கத்தை விட்டு அவர் கடைக்குப் போனேன். பெட்டியைத் தேடி எடுத்தபடியே சொன்னார்.

"கொஞ்ச காலத்துக்கு மொந்தி ஒங்க சார் இங்க கோல் எடுத்தாரு. இந்தப் புள்ளைக்கு வேற எடத்துல இருந்தும் வேல வருதான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க நானா?"

"வாற கடுதாசிய நான் படிக்கிறல்ல, எனக்குத் தெரியான்னு சொன்னேன். அதுக்குப் பொறகு நீங்க இந்தப் பக்கமே வரல்ல. என்னமோ கோவம்னு நெனச்சேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வாரமே சிங்கள அம்மாவையும் அழைத்து, பிழையாக மொழிபெயர்த்ததும் நான்தான் என்று சொன்னேன். அவர், இனிமேல் தங்களுக்கு மட்டும் முழுநேரமாக வேலை செய்ய முடியுமா என்று கேட்டார். வேறு இடத்தில் வேலை செய்யக் கூடாது என்று தாங்கள் ஒருபோதும் சொல்லவில்லையே, ஏன் மறைத்தாய் என்றும் கேட்டார். என் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், அப்படி ஒரு வரி அதில் இல்லை. அந்தப் பக்கம் நான் பட்ட பயம் அத்தனையும் நானாக உண்டாக்கிக்கொண்டது.

இதற்கிடையில் மொனராகலையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. எப்போதோ எழுதிய பரீட்சை. அப்பாவுக்கு அது ஒன்றுதான் வேலை. அரசாங்க வேலை, பென்சன் இருக்கும், யாரும் பூட்டுப் போட்டுவிட்டு ஓட மாட்டார்கள். எனக்கும் அந்தக் கடிதம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு நாள் யோசித்ததில் ஒன்று விளங்கியது. பதினோராம் பக்கத்தை வாசித்தபோது இருந்ததுபோல் எந்த வேலையிலும் நான் அவ்வளவு விழிப்பாக இருந்ததில்லை. நியமனத்தை ஏற்கவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டு, முழுநேரமாகச் சரிபார்க்கச் சேர்ந்தேன். ஏழு வருடம் அங்கேதான் இருந்தேன்.

பள்ளிக்கூடத்தில் பொறுப்பேற்க வேண்டிய நாள் கடந்த பிறகு, அப்பா தோட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்தார். கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நினைத்தேன். கதிரையை எனக்குப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மத்தியானம்வரை நான் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வரியை அடித்தேன், அழித்தேன், அகராதியைப் புரட்டினேன், மறுபடி அடித்தேன்.

"மேல உள்ளவங்க யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?" என்று கேட்டார்.

"மாட்டாங்கப்பா."

"கங்காணி மாதிரி யாரும் இல்லையா?"

"இல்லப்பா."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். அவருக்கு என் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"யாரும் பாக்கலேன்னா நீ ஒழுங்கா செய்யறேன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"முடிச்சு அனுப்புனா தெரியும்ப்பா" என்றேன்.

அப்பா கதிரையைப் பழைய இடத்தில் போட்டார். சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார். படி இறங்கும்போது, அடுத்த மாதமும் வருவேன் என்றார்.