லுட்கார்ட் கென்டில் விட்டு வந்த பெட்டி

கையில் இரண்டு நாள்தான் இருக்கிறது. போய்த் தங்க புரூஜ் நல்ல ஊரா, கென்ட் நல்ல ஊரா? அன்று என்னைக் கேட்டிருந்தால் நான் விழித்திருப்பேன். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிற்றூர் எங்கள் ஆல்டர்; ஆல்டர்க்காரர்கள் எல்லோருமே விழிப்போம். ரயிலில் இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் போனால் புரூஜ், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் போனால் கென்ட். போவோம், வேலையை முடிப்போம், சாயங்கால ரயிலில் திரும்பிவிடுவோம். பக்கத்து ஊரில் போய் யாராவது ராத்தங்குவார்களா?

லுட்கார்ட் தங்க நினைத்தார். ஆல்டர் ரயில் நிலையத்துக்கு எதிரே உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். மாலை தொடங்கினால் ஊர் தூங்கும்வரை எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பார். அவர் கணவர் ஓடீல், புரூஜில் பிறந்தவர், அங்கேயே ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்த்தவர். ரொட்டி விடிவதற்குள் வேக வேண்டும். அதனால் லுட்கார்ட் கடையைத் திறக்கும்போது ஓடீல் படுத்துவிடுவார், லுட்கார்ட் வந்து படுக்கும்போது எழுந்து வண்டியை எடுப்பார். கல்யாணம் ஆன நாளாக இருவரும் விழித்தபடி பார்த்துக்கொண்டது மதிய சூப்பின்போது மட்டும்தான்.

அந்த மே மாதம் ஓடீல் ஓய்வு பெற்றார். கடைக்கு விடுமுறையான திங்கட்கிழமை மாலைகளில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். தொலைக்காட்சி மட்டும் பேசியது. லுட்கார்டுக்கு உள்ளூரப் பயம் வந்தது. இத்தனை வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, இந்த மனிதரோடு பேச ஒன்றுமே இல்லை என்று இப்போது தெரிந்தால் என்ன செய்வது?

ஜூனில் எண்ணெய்ச் சட்டியை மாற்ற வேண்டியிருந்தது. கடை இரண்டு நாள் மூடல். வெளியூர் போய்த் தங்கிப் பார்த்துவிடுவோம் என்று லுட்கார்ட் முடிவு செய்தார். எந்த ஊர் என்பதில்தான் சண்டை வந்தது.

"கென்டுக்குப் போவோம். எங்கம்மா ஊரு," என்றார் லுட்கார்ட், இரண்டு தடவை பொரிக்க வேண்டிய வறுவலை முதல் பொரியலிலிருந்து அள்ளி ஆறவைத்தபடி. "புரூஜ்காரங்களுக்குப் பைத்தியம்னு பட்டப்பேரு. அது சும்மா வரல."

கடை ஓரமாக நின்றிருந்த ஓடீல் விடவில்லை. "கென்ட்காரங்க அந்தக் காலத்துல வரி கட்ட மாட்டோம்னு கலகம் பண்ணித் தோத்து, சக்கரவர்த்தி முன்னாடி கழுத்துல தூக்குக்கயிறோட நின்னவங்க. இன்னைக்கும் திருவிழாவுல அந்தக் கயித்த மாட்டிக்கிட்டுப் பெருமையா ஊர்வலம் போறாங்க. இப்பச் சொல்லு, யாரு பைத்தியம்?"

வறுவலுக்குக் காத்திருந்த பேருந்து ஓட்டுநர் வானெஸ் சிரித்தான். "அம்மணி, நீங்க ரெண்டு பேரும் இந்த ஜென்மத்துல ஊரைத் தாண்ட மாட்டீங்க. ஓட்டுப் போட்டு முடிவு பண்ணலாம்."

ஒரு பெரிய கிழங்கை இரண்டாக வெட்டி மேடையில் வைத்தார்கள். ஒரு பாதி புரூஜ், மறுபாதி கென்ட். சாப்பிட்டு முடித்தவர்கள் தங்கள் குட்டி முள்கரண்டியை ஏதாவதொரு பாதியில் குத்திவிட்டுப் போனார்கள். கடை மூடும் நேரத்தில் இரண்டு பாதியும் முள்ளம்பன்றி மாதிரி சமமாக நின்றன. ஓடீல் தன் முள்கரண்டியை எடுத்துக் கென்டில் குத்தினார்.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றார் லுட்கார்ட்.

"புரூஜ்ல தெருவுக்குத் தெரு என்னைத் தெரியும். எல்லார்கிட்டயும் நின்னு பேசுவேன். உன்கூட மட்டும் பேச மாட்டேன்."

அவருக்கும் அதே பயம்தான் என்று லுட்கார்டுக்கு அப்போதுதான் தெரிந்தது.

கென்டில் ஆற்றங்கரையருகே அறை எடுத்தார்கள். பெட்டியை வைத்துவிட்டு நடந்தார்கள், கோபுரங்களைப் பார்த்தார்கள், கோழிக்குழம்பு சாப்பிட உட்கார்ந்தார்கள். லுட்கார்ட் நின்றுகொண்டே விழுங்கிப் பழகியவர். ஓடீல் சாப்பிட்ட கையோடு தூங்கிப் பழகியவர். தட்டு காலியானது. வெளியே வெயில் இன்னும் சாயவே இல்லை. லுட்கார்ட் கைத்துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நல்லா இருந்துச்சு," என்றார் ஓடீல்.

"ஆமா, நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான் பேச்சு. எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் அந்நியர் மாதிரி தெரிந்தார். லுட்கார்ட் கைத்துண்டைக் கீழே வைத்தார். "போலாமா?" என்றார். "போலாம்" என்று ஓடீலும் எழுந்தார். வெளியே வந்தார்கள், டிராம் வந்தது, ஏறினார்கள். ரயில் நிலையத்தில் இறங்கினார்கள். ஆல்டர் வழியாகப் போகும் ரயில் நின்றிருந்தது. சாயங்காலம் ஆனால் ஆல்டர்க்காரர்களின் கால்கள் அந்த ரயிலைத் தேடித்தான் போகும். இருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ரயில் நகர்ந்ததும் ஓடீல் சொன்னார்: "கோழியோட வச்சாங்களே வறுவல், அதை ஒரே தடவைதான் பொரிச்சிருக்காங்க."

லுட்கார்ட் நிமிர்ந்தார். "நீயும் கவனிச்சியா? வாயில வச்சதுமே நினைச்சேன். தொவண்டு கெடந்துச்சு. எங்கம்மா ஊருன்னு வாய மூடிக்கிட்டேன்."

"ரொட்டியும் நேத்து சுட்டது."

"எப்படிச் சொல்ற?"

எப்படி என்று ஓடீல் சொன்னார். ரொட்டியின் அடியைத் தட்டினால் கேட்கும் சத்தம் பற்றி, முதலாளியின் பூனை மாவுத்தொட்டியில் குட்டி போட்ட இரவு பற்றி, இத்தனை காலம் யாரிடமும் சொல்லாததையெல்லாம் சொன்னார். லுட்கார்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆல்டர் வந்ததே தெரியவில்லை.

வீட்டு வாசலில் ஓடீல் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப் பையைத் தடவினார். "சாவி எங்க?"

"பெட்டியில."

"பெட்டி?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெட்டி கென்டில், காசு கொடுத்து எடுத்த அறையில் இருந்தது.

பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து வானெஸ் தலையை நீட்டினான். "என்ன அம்மணி, கென்ட் அதுக்குள்ள தீர்ந்துபோச்சா?"

"இது முதல் பொரியல்தான்," என்றார் லுட்கார்ட். "ஆறவச்சு ரெண்டாவது தடவை போட்டாத்தானே மொறுமொறுன்னு வரும்."

அடுத்த ரயிலில் திரும்பிப் போனார்கள். எதிரெதிர் இருக்கைகள். இந்தத் தடவை லுட்கார்ட் பேசினார். ஓடீல் தூங்கவில்லை.

இப்போது வறுவல் வாங்க வருபவர்கள் புரூஜா, கென்டா என்று கேட்டால், "உனக்குப் பிடிச்ச ஊருக்குப் போ, போகும்போது கூட வர்றவங்களுக்கு எதிர் சீட்டுல உட்காரு," என்கிறார் லுட்கார்ட். அடுத்த விடுமுறைக்குப் புரூஜ் என்று ஏற்கெனவே முடிவாகிவிட்டது. சாவி இனி ஓடீலின் பையில் இருக்குமாம்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது எந்த ஊருக்குப் போவது என்று இப்படிக் குழம்பிக்கொண்டிருந்தால், தயவுசெய்து லுட்கார்டின் பெட்டிக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள்.