வந்தவருக்குக் கொடுத்த தண்ணீர்

அண்ணாமலை நகரில் எம்.ஏ. பொருளாதாரம் படித்த காலத்தில், உலகமயத்தைப் பற்றி யார் கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறி, சிப்காட் தொழிற்பேட்டையில் இறங்கி, எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் அந்தப் பதிலெல்லாம் போன இடம் தெரியாது. அடிபம்பில் தண்ணீர் மஞ்சளாக வரும். அதில் குளித்தால் அண்ணன் குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிக்கும். தண்ணீரைக் கெடுத்தது பக்கத்துச் சாயக் கம்பெனி என்று தெருவே சொன்னது. அண்ணனுக்குச் சம்பளம் கொடுத்ததும் அதே கம்பெனிதான்.

2009 வாக்கில், அந்தச் சாயத்தை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மாள் வரப்போவதாகச் சொன்னார்கள். சரக்கு நியாயமாகத் தயாராகிறதா, சுற்றியிருக்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பாராம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி எங்களுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் போட்டே ஆக வேண்டும். அந்த வெளிநாட்டுக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு நாட்டில் வாங்கப் போனாலோ முதலுக்கே மோசம், அண்ணன் வேலை போய்விடும். இரண்டில் எது நடக்கும்? என் பாடப்புத்தகம் இரண்டும் நடக்கும் என்றது.

"நீதான் இங்கிலீசு படிச்சவ, நீயே பேசு" என்று தெரு என்னை முன்னால் தள்ளியது.

அவர் வரும் நாளன்று காலையிலேயே பம்புத் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து மேசைமேல் வைத்தேன். நேரம் ஆக ஆக இன்னும் மஞ்சளானது. எனக்கு அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

அந்த அம்மாள் வேர்த்து விறுவிறுத்து வந்தார். உட்காரச் சொன்ன கையோடு அண்ணி அந்த டம்ளரைத் தூக்கிப்போய்ப் பின்பக்கம் கொட்டினாள். நன்றாக விளக்கி, காசு கொடுத்து வாங்கும் கேன் தண்ணீரை நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, நல்ல தண்ணீராக இருக்கிறதே, உங்கள் வீட்டுத் தண்ணீரா என்று கேட்டார். அதை அண்ணிக்கு நான் தமிழில் சொன்னேன்.

"ஆமாங்க, எங்க வூட்டுத் தண்ணிதான்" என்றாள் அண்ணி.

வாசலில், கூட வந்த சாயக் கம்பெனி மேனேஜர் பக்கத்தில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். இது கேன் தண்ணீர், பம்பைப் பாருங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வந்தது "எஸ்". ஏன் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

கார் போனதும் அண்ணியிடம் பாய்ந்தேன். "ஏன் அண்ணி இப்படிப் பண்ணீங்க? அண்ணன் வேலைக்காகவா?"

"வேலையாவது ஒண்ணாவது. வெயில்ல வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியவா குடுக்கச் சொல்ற? மனுஷங்களா நாம?"

கோபமாகத்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, டம்ளரைக் கழுவிக்கொண்டே, "வேலையும் போயிருக்கும்ல" என்றாள். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் நான் பம்பை ஓங்கி உதைத்தேன். கால்தான் வலித்தது.

ஆர்டர் ஜாஸ்தியானது. அண்ணன் வேலை நிலைத்தது. குழாய் வரவில்லை. அடுத்த மாதச் சம்பளம் வந்ததும் அண்ணி முதலில் கேன் தண்ணீருக்குச் சொல்லி அனுப்பினாள்.