நாலு கட்டத்தில் இருநூறு புஷ்

“பரிமளாவை நாளையிலிருந்து பேக்கிங்குக்கு மாத்திடுங்க.”

மானேஜர் இதைச் சொன்னபோது நான் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கயல், பாபு, நீங்கள் இருவரும் புள்ளியியல் பாடத்தில் இருவழி அட்டவணை போட்டுக்கொண்டு, “வேலைக்குப் போனா இதெல்லாம் யாருப்பா பாக்கப் போறா?” என்று கேட்டீர்களே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். புத்தகம் மாதிரி சொல்லத் தெரியாது. நடந்ததைச் சொல்கிறேன்.

மண்ணூர்பேட்டையில் எங்கள் கம்பெனி வண்டிகளுக்கு ரப்பர் புஷ் செய்கிறது. குலுங்காமல் இருக்க வண்டிக்கு அடியில் மாட்டுகிற சின்ன உருளை அது. எனக்கு க்யூ.சி. வேலை, அதாவது வந்த பீஸைப் பார்த்து ஓகே, ரிஜெக்ட் என்று பிரிப்பது. ரப்பரை மோல்டில், அதாவது அச்சில், வைத்து அழுத்துகிற பிரஸ் அப்போது இரண்டு ஓடியது. ஒன்றில் பரிமளா அக்கா, இன்னொன்றில் ஏழுமலை. அக்கா கோவில்பதாகையிலிருந்து வருவார். பேக்கிங்கில் பல வருஷம் இருந்து, பிரஸ் பழகி, எங்கள் ஷாப்பில் பிரஸ் ஓட்ட வந்த முதல் பெண். அதனால்தான் அந்த ‘பேக்கிங்’ என்ற சொல் அவருக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது.

முதல் கட்டம்

ரிஜெக்ட் அதிகம் என்று கஸ்டமரிடமிருந்து புகார். யாரால் என்று பார்க்க, குவாலிட்டி இன்ஜினியர் நிர்மலா மேடம் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய சதுரம் போட்டு நாலாகப் பிரித்தார். மேல் வரிசை பரிமளா, கீழ் வரிசை ஏழுமலை. இடது பக்கம் ஓகே, வலது பக்கம் ரிஜெக்ட். ஆளுக்கு நூறு பீஸ் கலந்தெடுத்து நான் பார்க்கப் பார்க்க, அந்தந்தக் கட்டத்தில் கொட்டினோம். அக்காவுக்கு 83 ஓகே, 17 ரிஜெக்ட். ஏழுமலைக்கு 86 ஓகே, 14 ரிஜெக்ட். அதைப் பார்த்துத்தான் மானேஜர் அப்படிச் சொன்னார்.

ஏழுமலை என் காதருகே, “இன்னா மாமே, நான் பாஸா?” என்றான்.

பரிமளா அக்கா கையுறையைக் கழற்றி மேஜையில் போட்டார். “இன்னா சார் நியாயம் இது? கஷ்டமானதெல்லாம் என் தலையில கட்டுவீங்க. அப்பால ரிஜெக்ட் ஜாஸ்தின்னு தொரத்துவீங்களா?”

“அம்மா, நானா சொல்றேன்? கீழ கொட்டிக் கிடக்கு பாருங்க.”

“கொட்டிக் கிடக்கறது எது எதுன்னு பாத்தீங்களா?”

எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். புஷ்ஷில் இரண்டு வகை. பிளெயின் புஷ் வெறும் ரப்பர், சுலபம். பாண்டிங் புஷ்ஷுக்கு நடுவில் இரும்புக் குழாய் இருக்கும். ரப்பர் அதைச் சரியாகப் பிடிக்க வேண்டும், கொஞ்சம் கோணினாலும் போச்சு. அது வந்தாலே “அக்கா பிரஸ்ஸுக்குத் தள்ளு” என்போம், மிஞ்சியதுதான் ஏழுமலைக்கு. யாரும் உத்தரவு போட்டதில்லை. அக்கா வேலை சுத்தம், அவ்வளவுதான். அது எங்களுக்குப் பழகிப்போய், யாருக்கும் வாயில் வரவில்லை. நிர்மலா மேடம் வந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, அவருக்குத் தெரிய வழியில்லை.

மறுபடியும் பிரித்தது

மேடம் குனிந்து அக்கா வரிசையில் கிடந்ததைப் பார்த்தார், பெரும்பாலும் பாண்டிங். பிறகு துடைப்பம் கேட்டு வாங்கி, இருவர் பீஸும் கலக்காமல் ஓரம் தள்ளிவிட்டு, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சதுரம் போட்டார். ஒன்று பிளெயினுக்கு, ஒன்று பாண்டிங்குக்கு. பீஸ் அதேதான். மறுபடியும் பிரித்தோம். மானேஜரும் குனிந்து எண்ணினார்.

பிளெயின்: அக்கா 20-இல் 1 ரிஜெக்ட், ஏழுமலை 80-இல் 8.
பாண்டிங்: அக்கா 80-இல் 16, ஏழுமலை 20-இல் 6.

“பதினாறு பெரிசுதானே?” என்றார் மானேஜர்.

“இப்ப வரிசை சமமா இல்ல சார். எத்தனைக்கு எத்தனைன்னு பாக்கணும்” என்றார் மேடம். “பிளெயின்ல அவங்க நூத்துக்கு அஞ்சு, இவரு பத்து. பாண்டிங்ல அவங்க இருபது, இவரு முப்பது. ரெண்டுலயும் அவங்கதான் கம்மி. கஷ்டமான பீஸ் அவங்க பக்கம் குவிஞ்சதால மொத்தத்துல கூடுதலா தெரியுது. முதல்லயே இப்படிப் பிரிச்சிருக்கணும். ஸாரிம்மா.”

மானேஜர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். “சரி, பரிமளா பிரஸ்லயே இருக்கட்டும்.”

ஏழுமலை முகம் சுருங்கியது. “அப்ப பேக்கிங்குக்கு நானா சார்?”

“நீ எங்கியும் போவ வேணாம்” என்றார் அக்கா. “நாளையிலேர்ந்து பாண்டிங்ல பாதி நீ எடு. எப்டி வெக்கறதுன்னு நான் காட்றேன்.”

“யக்கா, அதுக்கு பேக்கிங்கே மேலுக்கா!”

மானேஜர்கூடச் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு, அடுத்த மோல்டைத் திறக்கப் போய்விட்டார். அன்று முதல் இரண்டு வகையும் இரண்டு பிரஸ்ஸிலும் பாதிப் பாதி ஓடுகிறது. ஏழுமலை முணுமுணுத்தாலும் கை தேறிவிட்டது. பாண்டிங்கில் இரண்டு பேர் இருப்பதால் அக்காவால் நிம்மதியாக லீவு போடவும் முடிகிறது.

நாளைக்கு உங்கள் கையிலும் இப்படி ஒரு அட்டவணை வரும். கம்பெனியிலோ, ஆஸ்பத்திரியிலோ, பள்ளிக்கூடத்திலோ, யாரோ ஒருவர் பெயருக்கு நேராகப் பெரிய எண் ஒன்று இருக்கும். கூட்டல் சரிதானா என்று பாருங்கள், வேண்டியதுதான். அதோடு, அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று விசாரித்து, இன்னொரு தடவை பிரித்துப் பாருங்கள். கேட்க வேறு யாரும் இல்லையென்றால் அந்த ஆளையே கேளுங்கள். அவருக்குத் தெரியும்.