கசியாத கட்டியும் பூதக்கண்ணாடி அக்காவும்

அடுப்புக்கு கேஸ் கொண்டுபோகிற ரப்பர் குழாய் செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாகப் பரிசோதகர் வேலை அவளுக்கு. குழாயின் வாயில் விளக்கைப் பிடித்துப் பார்ப்பாள். உள்ளே கடுகளவு கொப்புளம் இருந்தாலும் தூக்கிக் கடாசிவிடுவாள். அதனால் எல்லோருக்கும் அவள் ‘பூதக்கண்ணாடி அக்கா’. அவளோடு மல்லுக்கட்டி ஜெயித்தவர் எவரும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் பெருங்குடலிலிருந்து இரண்டு கட்டிகளை டாக்டர் வெட்டியெடுத்தார். விட்டுவைத்தால் புற்றுநோயாகலாம், மூன்று வருஷம் கழித்து மறுபடி கேமரா விட்டுப் பார்க்கணும் என்றிருந்தார். கேமராகூடப் பரவாயில்லை. வயிறு சுத்தமாக முதல் நாள் குடிக்கிற அந்த மருந்துத் தண்ணீர் இருக்கிறதே, அப்பப்பா! நினைத்தாலே குமட்டும். நாள் நெருங்கியதும் அவளாகவே ஒரு லேபில் மலப் பரிசோதனைக்குக் கொடுத்தாள். ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற பரிசோதனை. இல்லை என்று வந்துவிட்டது!

“ஏங்க! ஏங்க! ரத்தம் இல்லையாம்! கேமராவும் வேணாம், கத்திரிக்காயும் வேணாம்!” காகிதத்தை ஆட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றி வந்தாள். நாத்தனாருக்குப் போன் போட்டும் சொல்லியாயிற்று.

கணவனுக்கும் அதே தொழிற்சாலையில்தான் வேலை, பேக்கிங்கில். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே கேட்டான். “நேத்து நூறு குழாயைத் திருப்பி அனுப்பினியே, ஒழுகிச்சா?”

“எங்க ஒழுகிச்சு? காஞ்சுதான் இருந்துச்சு. உள்ளே கொப்புளம். இன்னிக்கு ஒழுகலைன்னா நாளைக்கு...”

கையிலிருந்த காகிதத்தைத் திரும்பப் பார்த்தாள். ரத்தம் கசியாத கட்டி மலத்தில் எப்படித் தெரியும்? அதுவும் ஏற்கெனவே கட்டி வந்த குடல்!

“நல்லா மாட்டிவிட்டீங்க!” என்று தலையணையை அவன்மேல் எறிந்தாள்.

மறுவாரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, டாக்டரில் தொடங்கிக் கணவன்வரை எல்லோரையும் திட்டிக்கொண்டே மருந்துத் தண்ணீரைக் குடித்து முடித்தாள். மயக்க மருந்து வேண்டாம், திரையைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

உள்ளே போன கேமரா மெல்ல வெளியே வந்துகொண்டிருந்தது. “இதுவரைக்கும் சுத்தமா இருக்கும்மா” என்றார் டாக்டர்.

“நிறுத்துங்க! அந்த மடிப்புக்குப் பின்னாடி! இன்னும் கொஞ்சம் உள்ளே போங்க... அதோ!”

கேமரா திரும்பிப் போயிற்று. கடுகைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஒரு சொட்டு ரத்தம் கசியாமல், சமர்த்தாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. டாக்டர் நர்ஸைப் பார்த்தார், நர்ஸ் அவளைப் பார்த்தார். கேமராக் குழாய் வழியே ஒரு கம்பி வளையம் போய்ச் சுருக்கிட்டு அதை வெட்டியெடுத்தது.

அவள் வெளியே வந்ததும் கணவன் ஓடி வந்தான். “இருந்துச்சா?”

“இருந்துச்சுங்க! நான்தான் புடிச்சேன்!” அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அந்தக் காகிதத்தை நம்பி என்னையே பாஸ் பண்ணி அனுப்பியிருப்பேனே!”