திறப்பதற்கு முன்பே பிரித்த பாத்திரங்கள்

நானும் என் கல்லூரித் தோழியும் காரைக்குடியில் காலைப் பலகாரக் கடை தொடங்குவது என்று முடிவெடுத்தது சித்திரையில். இடம் கிடைத்தது ஆனியில். கடையை எப்படி மூடுவது என்று பேசத் தொடங்கியது ஆடியில். ஆடியில் நல்ல காரியம் செய்வதில்லை என்பதால் மூடும் பேச்சுக்கு அது பொருத்தமான மாதம் என்றே நினைத்தேன்.

பேச்சைத் தொடங்கி வைத்தவர் எங்கள் ஆடிட்டர். பணியாரத்துக்கு எந்த அரிசி, சட்னிக்கு எந்த மிளகாய் என்று நாங்கள் விவரித்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி ஆச்சி. நாளைக்கு ஒருத்தர் வெலகணும்னா என்ன செய்வீக?" என்றார்.

தோழி சிரித்தாள். "எங்களை ஒரே பெஞ்சுலருந்து பிரிக்க காலேஜு வாத்தியாராலேயே முடியல தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொழில் செய்தவர்களின் வரலாறுகளை நிறையப் படிப்பவள் நான். அவற்றில் திறப்பு விழாவுக்கு ஒரு பக்கம் என்றால் பிரிவுக்கு ஓர் அத்தியாயம் இருக்கும். எங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. அதற்கு எனக்குத் தெரிந்த வழி எங்கள் வீட்டு வழிதான். கல்யாணமான பிள்ளையையும் மருமகளையும் எங்கள் பக்கம் 'வேறு வைப்பார்கள்'. வீடு அதேதான், அடுப்பு மட்டும் தனி. நல்ல நாள் பார்த்து, அரிசி பருப்பு முதல் அண்டா குண்டா வரை கொடுத்து, தனியாகச் சமைக்கச் சொல்லிவிடுவார்கள். யாருக்கும் மனவருத்தம் இருக்காது.

ஆகவே கடைக்குப் பாத்திரம் வாங்கும்போது எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்கினேன். பாதியில் அவள் பெயரின் முதலெழுத்தையும் பாதியில் என்னுடையதையும் வெட்டச் சொன்னேன். ஆவணி முதல் வெள்ளியன்று, நல்ல நேரம் பார்த்து, கடைக்குள் இரண்டு குவியலாக அடுக்கிவிட்டு அவளை வரச் சொன்னேன்.

அவள் ஓர் இட்லிக் கொப்பரையைத் தூக்கிப் பார்த்தாள்.

"என்னடி இது, என் பேரு இங்குட்டு, உன் பேரு அங்குட்டு?"

"பின்னாடி பிரியுறதா இருந்தா எது யாருக்குன்னு சண்டை வரக்கூடாதுல்ல. இப்பவே பிரிச்சு வச்சுட்டேன்." பரிசு கொடுப்பவளின் குரலில்தான் சொன்னேன்.

"இன்னும் அடுப்பே பத்த வைக்கல. அதுக்குள்ள என்னைய வெளிய தள்ளிட்டியா?"

கொப்பரையைக் கீழே வைத்தாள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனவள் அந்த வாரம் முழுவதும் போனை எடுக்கவில்லை. அவள் இல்லாவிட்டால் கடை இல்லை. அதுகூடப் பரவாயில்லை, என் கிறுக்குத்தனங்களை என் முகத்துக்கு நேரே சொல்ல ஊரில் வேறு ஆள் இல்லை.

என் கணவர்தான் கேட்டார்: "வேறு வைக்கிறது நமக்கு நல்ல காரியம். அவுக வீட்டுல அதுக்கு என்ன அர்த்தம்னு கேட்டியா?"

கேட்டதே இல்லை. அன்று மாலையே அமராவதிபுதூரில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். தோழி கொல்லையில் தக்காளிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் குழாயை நிறுத்தவில்லை.

"எங்க வீட்டுல அடுப்பு ரெண்டானது, எங்க அப்பாவும் பெரியப்பாவும் பேச்சை நிறுத்துன அன்னைக்குத்தான்," என்றாள். "சாகுற வரைக்கும் பேசிக்கல. நீ ரெண்டு குவியலா வச்சதப் பாத்ததும் எனக்கு அந்த நாளுதான் ஞாபகம் வந்துச்சு."

நான் என் கதையைச் சொன்னேன். வேறு வைத்த அன்று என் புது அடுப்பில் கொதித்த முதல் குழம்பு ஒரு கிண்ணத்தில் மாமியாருக்குப் போனது. அவர் அடுப்பிலிருந்து பொரியல் இங்கே வந்தது.

"அப்புறமும் பேசிக்கிட்டீகளா?"

"சண்டை போட விசயம் இல்லாம போச்சு. அதனால பேச்சுத்தான் கூடிருச்சு."

குழாயை நிறுத்தினாள். "இதச் சொல்லிட்டுல்ல பாத்திரத்தக் காட்டணும்! பெரிய பரிசு குடுக்கப்போற மாதிரி கூப்பிட்டே."

"பரிசுதான்டி."

"போடி இவளே." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஏதோ யோசித்தாள். "ஆமா, அந்தப் பெரிய கிரைண்டர்ல யாரு பேரு?"

"அது ஒன்னுதான் இருக்கு. யாரு பேரும் போடல."

"அங்கதான் சண்டை வரும். கிரைண்டர் எனக்கு."

"அதெப்படி? தேடி அலைஞ்சு வாங்குனது நான்."

"தேடுனது நீ. மாவாட்டத் தெரிஞ்சது யாரு?"

அன்று இருட்டும்வரை கொல்லையிலேயே நின்று கடையைப் பிரித்தோம். கிரைண்டரை அவளுக்குக் கொடுத்து, கடை இடத்தை நான் வைத்துக்கொண்டேன். கடையின் பெயரை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவாயிற்று. கடைக்கென்று பேசி வைத்திருந்த சமையல் மாஸ்டரை எப்படிப் பிரிப்பது என்றேன். "அவரு மேல பேரு வெட்ட விடமாட்டாரு," என்றாள். சிரித்ததில் எனக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் இருவருமாக ஆடிட்டரிடம் போனோம். நாங்கள் பிரித்ததையெல்லாம் அவர் ஒப்பந்தமாகத் தட்டச்சு செய்து முடித்ததும் தோழி, "ஒன்னு விட்டுப்போச்சு தம்பி. கடை பிரிஞ்ச அன்னைக்கு, ரெண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி குழம்பு குடுத்து விடணும். அதையும் போடுங்க," என்றாள்.

"சட்டத்துல அதுக்கு எடமில்லக்கா."

"சட்டத்துல இல்லாட்டி என்ன? காயிதத்துல எடமிருக்குல்ல?"

ஆடிட்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். "என்ன குழம்புன்னும் போடவா?" என்று முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு கேட்டார். அதை முடிவு செய்வதற்குத்தான் எங்களுக்கு வெகுநேரம் ஆயிற்று.